அங்கம்மாவின் மாடும் ஆற்று அம்மோனியாவும்

ஜொகூரில், பொந்தியானுக்குத் தெற்கே, கடலோடு மட்டமாகக் கிடக்கும் தாழ்நிலத்தில் மாட்டுக் கொட்டகை வைத்திருந்த அங்கம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரே சொல்லும். அந்த மூக்கைப் பிடித்து இழுத்தவர்கள் யார் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அதையும் சேர்த்துச் சொன்னால்தானே கதை முழுசாகும்.

அது டிசம்பர் மழைக்காலம். ஆற்றில் அம்மோனியா ஏறிவிட்டது என்று நீர் சுத்திகரிப்பு நிலையத்தை மூடிவிட்டார்கள். தாமான் என்கிற வீட்டுக் குடியிருப்பு முழுக்கக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நிற்கிற சனங்களுக்கு யாரையாவது திட்டியாக வேண்டும். மழையைத் திட்டிப் பயனில்லை. அரசாங்கத்தைத் திட்டினால் அதன் காதில் விழாது. வரிசையில் நின்ற அங்கம்மாவின் மேல் சாண வாசனை அடித்தது. போதாதா? அன்று சாயங்காலமே தாமான் வாட்ஸ்அப் குழுவில் பக்கத்துத் தெரு ராசம்மா ஒரு செய்தி போட்டாள்.

"தண்ணி ஓரமா மாடு வச்சிருக்கவங்க கொஞ்சம் யோசிக்கணும் லா. நம்ம பிள்ளைங்க குளிக்காம ஸ்கூலுக்குப் போவுது."

பேர் போடவில்லை. அந்த வட்டாரத்தில் கண்ணுக்குத் தெரிய மாடு வைத்திருந்தவள் அங்கம்மா ஒருத்திதான். ராசம்மா வீட்டுக் காப்பியில் தினமும் கலந்ததும் அதே மாடுகளின் பால்தான். கொடுக்கும் பால் இனிக்கும், பெய்யும் மூத்திரம் மட்டும் ஊரைக் கெடுக்கும் என்றால் இது எந்த ஊர் நியாயம்?

மாடு பன்னீர் பெய்யும் என்று அங்கம்மா சாதிக்கவில்லை. சாணத்தைத் தினமும் வாரிக் குவித்து, காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீனருக்குக் கொடுத்துவிடுவாள். மூத்திரம் கொஞ்சம் வாய்க்காலுக்குப் போகும்தான். ஆனால் அந்த வாய்க்காலின் இரண்டு பக்கமும், கண் போகிற தூரம் வரை செம்பனை, எண்ணெய்க்காக நடுகிற பனை. அதற்கும் அப்பால் கரிமண்ணில் அன்னாசி. அந்தச் செம்பனைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உரம் போடுகிற கூட்டத்தில் சேர்ந்தாள். தோளில் வாளியும் கையில் அளவு டின்னுமாக மரம் மரமாக வெள்ளைக் குருணையை வீசிக்கொண்டு போக வேண்டும். உரம் போடும் தேதி கம்பெனி அலுவலகத்தில் முடிவாகும். மழை அந்த அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டு பெய்யாது. காலையில் வீசியது மாலையில் கரைந்து பாரிட்டில் ஓடும். பாரிட் என்றால் இந்தத் தாழ்நிலத்தைக் காயவைக்க எல்லா இடத்திலும் வெட்டி வைத்திருக்கும் வாய்க்கால். கடல் ஏறும்போது மதகை மூடுவார்கள், வடியும்போது திறப்பார்கள். அத்தனை நாளும் தேங்கி நின்றதெல்லாம் அப்போது மொத்தமாக ஆற்றில் போய் விழும்.

பிறகு தோட்டம் கைமாறியது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தை இடித்தார்கள். அங்கம்மாவுக்கும் அவள் கணவர் வேலுவுக்கும் தாமானில் ஒரு தீப்பெட்டி வீடு கிடைத்தது. வேலு கெலாங் பாத்தா பக்கம் தொழிற்சாலை பஸ் ஓட்டப் போனார். அங்கம்மா தன்னோடு ஓட்டி வந்த ஒரே ஒரு பசுவைப் பாரிட் ஓரத்துப் புறம்போக்கில் கட்டினாள். பாரிட் கரையில் புல் அப்படி ஒரு பச்சையாக வளர்ந்து கிடந்தது. உரத்தண்ணீர் குடித்த புல் வேறு எப்படி இருக்கும்? ஒன்று பெருகிக் கொட்டகையாயிற்று. விடிவதற்குள் கறந்து, கப்சாய் மோட்டார் சைக்கிளில் பால் கேனை மாட்டிக்கொண்டு அவள் தாமான் தாமானாகச் சுற்றுவாள். யார் கையையும் எதிர்பார்க்காமல் ஒரு பெண்பிள்ளை நிமிர்ந்து நின்றாள் என்றால் அது அந்தக் கொட்டகையால்தான். அதற்குத்தான் வந்தது கேடு.

தண்ணீர் நின்ற கலாட்டாவுக்குப் பிறகு, அம்மோனியாவாக மாறுகிற நைட்ரஜன் தாழ்நிலத்திலிருந்து ஆற்றுக்கு எவ்வளவு போகிறது, யார் நிலத்திலிருந்து போகிறது என்று கண்டுபிடிக்க அரசாங்க இலாகா ஒரு ஆலோசனைக் கம்பெனியை அமர்த்தியது. அந்தக் கம்பெனியில் வேலை செய்த வைஷ்ணவி என்ற பெண், ஜொகூர் பாருவிலிருந்து அங்கம்மாவுக்குப் போன் செய்தாள். செட்டியார் வீட்டுப் பெண், படித்த பெண், மரியாதையான பெண்.

"ஆன்ட்டி, உங்க கொட்டகைய ஒரு நாள் வந்து பார்க்கலாமா? எல்லா மாடும் இருக்குற நாளா சொல்லுங்க ஆன்ட்டி."

"மாட்டுப் பொங்கலுக்கு வாம்மா. அன்னிக்கு எதையும் மேய விடமாட்டோம். வந்து கை நனைச்சிட்டுப் போ."

வீட்டுக்கு வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நல்ல நாளாகப் பார்த்து அழைப்பதுதானே நம் வழக்கம். ஆராய்ச்சிக்கு வருகிறவளுக்கும் அதே வழக்கம்தான் என்று அங்கம்மா நினைத்தாள். கெட்டது அங்கேதான்.

மாட்டுப் பொங்கல் அன்று அந்தப் பாரிட் கரை திருவிழாவாக இருந்தது. அங்கம்மாவின் தம்பி அய்யாவுவும் அவனைப் போன்ற இன்னும் சில மாட்டுக்காரர்களும் லாரியில் தங்கள் மாடுகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்கள் கொட்டகைகளை எல்லாம் வீடு கட்டுகிறோம், ரோடு போடுகிறோம் என்று எப்போதோ இடித்தாயிற்று. இப்போது அனுமதி எதுவும் இல்லாமல், செம்பனைக் காட்டுக்குள் ஒளித்து வைத்து வளர்க்கிறார்கள். வருசத்துக்கு ஒரு நாள் மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துக் கும்பிட, தண்ணீரும் வெளியிடமும் இருந்த ஒரே இடம் அங்கம்மாவின் கொட்டகைதான். எல்லா மாடும் பாரிட்டில் இறங்கின. தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். கொம்புக்குச் சாயம் பூசினார்கள். தண்ணீர் சாணக் கரைசலாகக் கலங்கி ஓடியது.

வைஷ்ணவி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பெட்டி நிறைய பாட்டில்களோடு வந்து இறங்கினாள். அங்கம்மா அவளுக்கு வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். ரோசி என்ற கிழட்டுப் பசுவின் கழுத்தில் மாலை போடச் சொன்னாள். அந்தப் பெண்ணும் பயந்து பயந்து போட்டாள். பிறகு விரலை நீட்டி மாடுகளை எண்ணத் தொடங்கினாள்.

"எண்ணாத, எண்ணாத!" அங்கம்மா ஓடி வந்து அவள் விரலை மடக்கினாள். "மாட்ட எண்ணக் கூடாதும்மா. கண்ணு பட்டுரும். நானே இது வரைக்கும் எண்ணிச் சொன்னதில்ல."

"சாரி ஆன்ட்டி. எங்க வீட்லயும் பிள்ளைங்கள எண்ண விடமாட்டாங்க."

நல்ல பெண், சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். எண்ணுவதற்குப் பதிலாக ஒரு படம் எடுத்துக்கொண்டாள். குளிப்பாட்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே பாட்டில்களை முக்கித் தண்ணீர் நிரப்பிக்கொண்டாள். ஒரு பொட்டலம் பொங்கலும் வாங்கிக்கொண்டு போனாள். இத்தனையும் யாருடைய மாடு என்று அவள் கேட்கவில்லை. இதெல்லாம் என்னுடையதில்லை என்று அங்கம்மாவும் சொல்லவில்லை. கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற கார் எல்லாம் பெண்ணின் அப்பாவுடையது என்று எவனாவது நினைப்பானா என்ன? நினைத்தார்கள். அலுவலகத்துக்குப் போய், படத்தைப் பெரிதாக்கி, அதில் இருந்த மாட்டை எல்லாம் எண்ணி அங்கம்மா பேரில் எழுதினார்கள்.

அந்த ஆலோசனைக் கம்பெனி வைத்திருந்தது ஒரு கணினிக் கணக்கு. மாடல் என்பார்கள். எந்த நிலத்தில் என்ன பயிர், அதற்கு எவ்வளவு உரம், எத்தனை கால்நடை, எவ்வளவு மழை என்று அதற்குள் போட்டால், எங்கிருந்து எவ்வளவு நைட்ரஜன் ஆற்றுக்குப் போகிறது என்று அது சொல்லும். உர மூட்டையில் இருப்பதும் மாட்டு மூத்திரத்தில் இருப்பதும் கடைசியில் ஒரே அம்மோனியாதான். இது யாருடையது என்று தண்ணீரைக் கேட்டால் அதற்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கணக்கே தேவைப்படுகிறது. குறை சொல்ல முடியாது, நல்ல கருவிதான். ஆனால் அரிசியில் கல்லைப் போட்டுவிட்டுச் சோறு பதமாக வரவில்லை என்றால் பானை என்ன செய்யும்? மாட்டுப் பக்கம் திருவிழாக் கூட்டத்தையும் திருவிழாத் தண்ணீரையும் போட்டு, வருசம் முழுக்க அப்படித்தான் என்று வைத்தார்கள். உரத்தின் பக்கம் செம்பனைக் கம்பெனி எழுதிக் கொடுத்ததை அப்படியே போட்டார்கள். பரிந்துரைத்த அளவு, பரிந்துரைத்த நேரம், மரம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. மாட்டுக்காரியை நேரில் போய்ப் பார்த்தார்கள், செம்பனைக் கம்பெனியிடம் தாளில் கேட்டுக்கொண்டார்கள்.

மார்ச் மாதம் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டு முடிவைச் சொன்னார்கள். திரையில் ஒரு வட்டம் தெரிந்தது. அதில் பெரும் பங்கு சிவப்பு. ஓரத்தில் ஒல்லியாக ஒரு பச்சைக் கீற்று. பச்சை என்பது செம்பனையும் அன்னாசியும், சிவப்பு என்பது கால்நடை. அடுத்து ஒரு படம் வந்தது. சாயம் பூசிய கொம்பும் மாலையுமாக மாட்டுப் பொங்கல் மாடுகள் திரையில் வரிசையாக நின்றன. அதற்குக் கீழே, நாற்பத்தேழு மாடுகள், உரிமையாளர் அங்கம்மா, அகற்றப் பரிந்துரை என்று எழுதியிருந்தது.

"பொய்யி!" என்று எழுந்தாள். வேலு அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். உதறினாள். "சோறு போட்ட வீட்டுலயே படம் புடிச்சு எனக்கே காட்டுறீங்களா?"

மேடையில் இருந்த அதிகாரி மலாய்க்காரர், தன்மையானவர். கையமர்த்தினார்.

"சபார், ஆன்ட்டி. ஆன்ட்டியோட லெம்பு பெராப்பா?" பொறுங்கள், உங்களிடம் எத்தனை மாடு என்று கேட்டார்.

அது அங்கம்மா பிறந்ததிலிருந்து சொல்லாத எண். கட்டிய கணவரிடமும் கிட்டத்தட்ட என்றுதான் சொல்லியிருக்கிறாள். கண் பட்டால் படட்டும் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாள்.

"செபெலாஸ். பதினொண்ணு."

"அப்போ மத்ததெல்லாம் யாருடையது?"

இரண்டு வரிசை பின்னால் அய்யாவு உட்கார்ந்திருந்தான். அவனோடு மற்ற மாட்டுக்காரர்களும் இருந்தார்கள். திரும்பிப் பார்க்காமலே அவர்கள் தலை குனிந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஒரு பேரைச் சொன்னால் போதும், அவள் கொட்டகை பிழைக்கும். நாளைக்கே செம்பனைக் காட்டுக்குள் லாரி போய் அவன்கள் மாட்டை ஏற்றும். தன்னை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் மேல் அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"தெத்தாமு," என்றாள். விருந்தாளிகள்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். மாட்டுக்கு மாடு விருந்துக்கு வருமா என்று எவனோ கேட்டான். ராசம்மாவும் சிரித்தாள். அய்யாவு மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிங்க, நல்லா சிரிங்க! அந்தப் பச்சைக் கீத்து என்னா அவ்ளோ சிறுசு? மழைக்கு மொத நாளு உரம் போட்டா எந்த மரம் தின்னும்? ஒரு நாளு வந்து அந்தப் பாரிட்டுலயும் போத்தலப் புடிங்களேன்!"

அவள் கேள்வியைக் குறித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். செம்பனைக் கம்பெனியின் ஆள் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் வைஷ்ணவி கார் நிறுத்துமிடத்துக்கு ஓடி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"ஆன்ட்டி, அது உங்க மாடு இல்லையா? ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீ ஏம்மா அன்னிக்கே கேக்கல?"

அந்தப் பெண்ணுக்கு மனச்சாட்சி இருந்தது. பதினொரு மாட்டை வைத்து, சாதாரண நாளில் மறுபடி வந்து எடுத்த தண்ணீரை வைத்து, மேலே தோட்டத்துப் பாரிட்டிலும் பாட்டிலை முக்கி, கணக்கை முதலிலிருந்து ஓட்டினாள். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, எல்லாம் மாறிருச்சு. உங்க மாட்டோட பங்கு கண்ணுக்கே தெரியல. எல்லாம் உரம்தான்."

அங்கம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "என் வயித்துல பால வார்த்தம்மா! இப்பவே வா, பாயாசம் காய்ச்சுறேன்."

"இல்ல ஆன்ட்டி..." அந்தப் பெண்ணின் குரல் உள்ளே போயிற்று. "பாஸ்கிட்ட காட்டினேன். மொத அறிக்கைய இலாகா ஏத்துக்கிட்டாங்களாம். இத அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்னு சொல்றாரு. உங்க மாட்ட எடுக்கச் சொல்ற ஆர்டர்... அது கையெழுத்தாகி வெளிய போயிருச்சு ஆன்ட்டி."

அடுத்த கட்டமாம். தப்பு என்று தெரிந்த பிறகும், சரியான கணக்கு கையில் இருந்த பிறகும், அடுத்த கட்டமாம். அவர்களையும் புரிந்துகொள்ள வேண்டும் பாருங்கள்: ஊருக்கு எதையாவது செய்து காட்ட வேண்டும். செம்பனையைப் பிடுங்க முடியாது, கம்பெனியை நகர்த்த முடியாது. மாட்டுக்குத்தான் கால் இருக்கிறது.

ஏப்ரலில் லாரி வந்தது. கறவை மாடுகளைக் குளுவாங் பக்கம் பால் பண்ணை வைத்திருந்த ஒருவர் வாங்கிக்கொண்டார். ஏறமாட்டேன் என்று முரண்டு பிடித்த ஒவ்வொன்றையும் அங்கம்மாவே கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏற்றினாள். வேறு யார் கூப்பிட்டாலும் அவை நகரவில்லை. கிழட்டு ரோசி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. இறைச்சிக்கு வாங்குகிற ஒருவன் வந்து முதுகைத் தட்டிப் பார்த்தான். அங்கம்மா விளக்குமாற்றை எடுத்தாள். அன்று இரவோடு இரவாக அய்யாவு வந்து ரோசியைத் தன் காட்டுக்கு ஓட்டிப் போனான். அக்காவின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

"விடு அங்கம்மா. பாத்துக்கலாம்," என்றார் வேலு.

"என்னாத்தப் பாக்குறது? பாக்க இன்னும் என்னா இருக்கு?"

விடியுமுன் கண் விழித்துக்கொள்ளும். எழுந்து கை கழுவி, வாளியைத் தேடுவாள். பிறகு ஞாபகம் வரும். அப்போது அழுவாள். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. கடைசியில் மகள் ஷர்மினி பார்த்துக் கொடுத்த வேலைக்கு, பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு தையல் தொழிற்சாலைக்கு, நூல் வெட்டப் போனாள். அவள் கேனை மாட்டிக்கொண்டு சுற்றிய கப்சாய் இப்போது அவளைத் தொழிற்சாலை பஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. ராசம்மா வீட்டில் டின் பாலுக்கு மாறிவிட்டார்கள்.

வருசக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. அதற்கு முந்தின வாரம்தான் தோட்டத்தில் உரம் போட்டு முடித்திருந்தார்கள். மதகைத் திறந்தார்கள். மூன்றாவது நாள் தாமான் முழுக்கக் குழாயில் காற்று வந்தது. அம்மோனியா ஏறிவிட்டதாம், நிலையத்தை மூடிவிட்டார்களாம். தண்ணீர் லாரி வந்தது. வாளிகள் வரிசை கட்டின. இந்தத் தடவை அங்கம்மாவின் மேல் எந்த வாசனையும் அடிக்கவில்லை.

லாரிக்குப் பின்னாலேயே இலாகாவின் ஜீப்பும் வந்தது. ஆற்றுக்குப் போகவில்லை. மதகுக்குப் போகவில்லை. தோட்டத்துக்கும் போகவில்லை. நேரே அங்கம்மாவின் கொட்டகைக்குப் போய் நின்றது. வாளியைப் போட்டுவிட்டு அவள் ஓடினாள். வரிசையில் நின்றவர்களும் வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தார்கள். அதே அதிகாரிதான். கூட வந்த இரண்டு பையன்கள் கொட்டகைக்குப் பின்புறம் புதரை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாத்தத் தேடுறீங்க?"

"லெம்பு, ஆன்ட்டி," என்றார் அதிகாரி, சங்கடமாக. "அம்மோனியா ஏறியிருக்கு. ஆன்ட்டி மறுபடி மாட்டக் கொண்டாந்துட்டீங்களோன்னு..."

அங்கம்மா தகரக் கதவை இழுத்துத் திறந்தாள். உள்ளே தரையில் ஒரு பொட்டுச் சாணம்கூட இல்லை. கட்டுத்தறியைச் சுற்றிப் புல் முளைத்து, மேய ஆளில்லாமல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதிகாரி எட்டிப் பார்த்தார். பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். ராசம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

"லெம்பு தாக் ஆடா," என்றாள் அங்கம்மா. மாடு இல்லை. பிறகு அவர் முகத்துக்கு நேரே கேட்டாள். "ஜாடி, சியாபா கென்சிங்?" அப்படியானால் மூத்திரம் பெய்தது யார்?

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ராசம்மா காலி வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதிகாரி தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மழையில் நனைந்துகொண்டிருந்த செம்பனையைப் பார்த்தார். சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் விசாரிக்கிறோம் என்று முணுமுணுத்தபடி ஜீப்பில் ஏறினார்.

"விசாரிங்க," என்று அங்கம்மா அவர் பின்னால் கத்தினாள். "நல்லா தேடுங்க! ஊருல இன்னொரு மாடு கெடைக்காமலா போயிடும்!"